கோபுரம் முழுக்க வரவேணும்

வைலே நகரத்து இறைச்சித் தொழிற்சாலையில் கையுறை மாட்டிக்கொண்டிருந்தபோது மேற்பார்வையாளர் வந்து சொன்னார். எங்களோடு வேலை செய்யும் மரியதாஸ் அண்ணை பஸ் தரிப்பில் விழுந்துவிட்டாராம். ஆஸ்பத்திரிக்குப் போகுமுன்பே எல்லாம் முடிந்துவிட்டதாம். நான் கையுறையைக் கழற்றவில்லை. அன்று முழுக்க வேலை செய்தேன். அழுகை இரண்டு நாள் பிந்தித்தான் வந்தது.

இந்த வெளிநாட்டு மண்ணிலேயே அடக்கம் செய்தோம். விசாவுக்காக மூன்று வருடமாய் மன்னாரில் காத்திருந்த அவருடைய மனைவி றீற்றா அக்காவால் வரமுடியவில்லை. ஊர்ப் பங்குச்சாமியார் எனக்கு அனுப்பிய கடிதத்தின் அடியில் அக்கா எழுதியிருந்தார்: "தம்பி, அவரின்ர முகம் தெளிவாத் தெரியிற படம் ஒண்டு அனுப்புங்கோ."

முகமா! போன வசந்தத்தில் எங்களோடு ஒல்லாந்துக்குப் பஸ்ஸில் வந்த கோல்டிங், ரண்டர்ஸ் நகரத்துத் தமிழ் ஆட்களுக்கு அந்தக் கூத்து நினைவிருக்கும். "எங்கட மன்னார்க் கோட்டையில அந்தக் காலம் இருந்தவங்கட ஊரையும் ஒருக்காப் பாப்பம்" என்று எங்களை இழுத்துப் போனவரே அண்ணைதான். லைடனிலும் ஊட்ரெக்டிலும் வாய்க்கால் ஓரமாய்த் தேவாலயக் கோபுரத்துக்கு முன்னால் நின்றுகொண்டு, கமரா வைத்திருந்த என்னை விரட்டினார்.

"கோபுரம் முழுக்க வரவேணும். இன்னும் பின்னுக்குப் போ, தம்பி!"

"அண்ணை, நீங்கள் எறும்பு மாதிரித்தான் தெரிவியள்."

"என்னை றீற்றா கண்டிருக்கிறாள்தானே. கோபுரத்தைக் காணேல்லை."

டெல்ஃப்ட் நகரத்துப் பழைய தேவாலயத்தில் மன்னாரில் செய்வதுபோல வாசலிலேயே சப்பாத்தைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார். உள்ளே தரை முழுக்கக் கல்லறைக் கற்கள். எல்லோரும் அதன்மேல் நடக்க, அவர் மட்டும் மேஸ் போட்ட காலோடு ஒவ்வொரு கல்லாய்ச் சுற்றிச் சுற்றிப் போனார். வெளியே பஸ் ஹோர்ன் அடித்தது. எனக்கோ நித்திரை இல்லாத எரிச்சல்.

"வாங்கோ அண்ணை! எல்லாரும் பாத்துக்கொண்டு நிக்கினம்!"

"செத்தவையின்ர நெஞ்சில மிதிச்சுக்கொண்டு வரச் சொல்லுறியோ?"

அப்படிக் கத்தியதற்காக இப்போது வெட்கப்படுகிறேன். அவர் அதே கோலத்தில் வெளியே வந்ததும் பிலிமில் மிச்சமிருந்த கடைசிப் படத்தைக் கிட்டப்போய் அடித்து முடித்தேன். படத்தைக் கழுவி வந்ததும் அண்ணை கெஞ்சினார்: "இதை மட்டும் அவளுக்கு அனுப்பாதை. சப்பாத்துக்கூட இல்லாமல் நிக்கிறன் எண்டு அழுவாள்." ஓம் என்று சொன்னேன்.

போன ஞாயிறு எல்லாப் படங்களையும் மேசையில் பரப்பினேன். முகம் தெரிவது அந்த ஒன்றில்தான். சிரிக்கிறார். கொடுத்த வாக்கை மீறி அதைத்தான் அனுப்பினேன். எறும்பளவு அண்ணையோடு நிற்கும் கோபுரங்கள் என்னோடு இருக்கட்டும். அனுப்பிய படத்தின் பின்புறத்தில் எழுதினேன்: "அக்கா, அண்ணையிட்டச் சப்பாத்து இருந்தது. கையைப் பாருங்கோ."