சித்தி கேட்ட கிளப் அறை

சித்தி எழுந்த வேகத்தில் கையிலிருந்த மண்கோப்பைத் தேநீர் முழுவதும் கிளப் தலைவரின் வெள்ளை வேட்டியில் கொட்டியது. இன்று நினைத்தாலும் எனக்குச் சிரிப்பும் புல்லரிப்பும் சேர்ந்தே வருகின்றன. தொண்ணூறுகளின் கடைசியில், டாக்குரியாவில் எங்கள் தெரு கிளப்பில் நடந்த கூட்டம் அது. வங்கி வேலைக்காகக் கல்கத்தா வந்த நான் அப்போது சித்தி வீட்டில் தங்கியிருந்தேன்.

ரயில் நிலையத்தின் ஓரத்தில் படுத்துறங்கும் பெண்களுக்கு ஓர் இரவுக் காப்பகம் நடத்த, மாநகராட்சி பட்ஜெட்டில் எங்கள் வார்டுக்குப் பணம் ஒதுக்கியிருந்தார்கள். காவலாளி சம்பளத்துக்கும் கழிப்பறைக்கும் விளக்குக்கும் பணம் வரும். இடத்தை மட்டும் தெருக்காரர்கள் காட்ட வேண்டும். மார்ச் முடிவதற்குள் காட்டாவிட்டால் அத்தனையும் திரும்பிப் போய்விடும். அன்று மார்ச் பாதி கழிந்திருந்தது. திட்டத்தைப் புகழாதவர் இல்லை, இடம் தருபவர்தான் இல்லை. எங்கள் கிளப்பிலோ கேரம் போர்டும் டிவியுமாக ஓர் அறை சும்மா கிடந்தது. சித்தி அதைத்தான் கேட்டாள்.

"மனசு இருக்கு பௌதி," என்றார் தலைவர். அங்கே எல்லாருக்கும் சித்தி பௌதிதான், அண்ணி. "ஆனா தெருவோட பாதுகாப்பைப் பாக்கணுமில்ல? திருட்டுப் போனா யார் பொறுப்பு?" பக்கத்திலிருந்த சித்தப்பாவே பலமாகத் தலையாட்டினார், பாவி மனுஷர்!

அப்போதுதான் சித்தி எழுந்தாள். பாதி தமிழ் கலந்த வங்காளத்தில் பொரிந்து தள்ளினாள். "பூஜை நாள்ல காவலுக்குப் போட்ட பசங்க வீட்டுக்குப் போய்க் குறட்டை விடறப்போ, சொல்லுங்கண்ணா, பந்தல்ல யார் படுத்துக்கறா? அந்தப் பொம்பளைங்கதானே! துர்க்கை நகையைப் பாத்துக்கோன்னு நாமதானே கூப்பிடறோம்? ஒரு மூக்குத்தியாவது காணாமப் போச்சா? பூஜையில காவக்காரி, பூஜை முடிஞ்சா திருடியா?"

அடேயப்பா, எழுந்த கூச்சல்! ஆளுக்கு ஆள் கத்தினார்கள். "அப்ப டிவி?" என்று ஒரு பையன் அலறினான். "எங்க வீட்டுக்குத் தூக்கிட்டு வாங்கடா. மேட்ச் அன்னிக்கு டீயும் நானே போடறேன்!" என்றாள் சித்தி. பையன்களின் கைகள் அத்தனையும் சம்மதமாக மேலே போயின. தன் வரவேற்பறை பறிபோனதை அறிந்து சித்தப்பா திருதிருவென்று விழித்தார். சித்தி ஒரு பார்வை பார்த்தாள். அவர் கையும் மெல்ல உயர்ந்தது. சபை சிரித்த சிரிப்பில் ஈர வேட்டியோடு தலைவரும் கையைத் தூக்கிவிட்டார். எனக்கு விசிலடிக்கத் தெரியாதே என்று அன்றுதான் வருந்தினேன்.

இப்போது நான் இருக்கும் நியூ டவுன் அடுக்ககத்திலும் கூட்டம் போடுகிறோம். கேமராவையும் கேட்டையும் தாண்டிப் பேச்சு போவதில்லை. வெளியே யார் படுத்திருக்கிறார்கள் என்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது. கேட்கச் சித்தியும் இல்லை.

அன்று அந்தக் காப்பகம் திறந்த மாலை, நானும் சித்தியும் வாசலில் நின்றோம். எல்லாரும் உள்ளே போனதும் ஒருத்தி கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். எடுத்தாள். மறுபடி போட்டாள். உள்ளே ஒரே சிரிப்பு. மறுபடியும் டடக், டடக்.

"முதல் நாளே தாழ்ப்பாளைக் கழட்டிடுவா போலிருக்கே," என்றேன்.

சித்தி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "சும்மா இருடி. இத்தனை வருஷமா நாம தாழ்ப்பாள் போடற சத்தத்தை அவ வெளியில இருந்து கேட்டா. இன்னிக்கு நாம கேப்போம்."