பானுமதி துண்டிக்காத லைன்

பானுமதி இறந்துவிட்டார் என்று அவருடைய தம்பி செவ்வாய்க்கிழமை காலை போனில் சொன்னார். போனை வைக்க முடியவில்லை. அவரோடு வேலை பார்த்த உங்களுக்கு நான் ஒன்று சொல்ல வேண்டும்.

தல்லாகுளம் அலுவலகத்தில், ஆஸ்பத்திரி டோக்கன் நம்பரை நோயாளிகள் வீட்டுக் கம்ப்யூட்டரிலேயே பார்க்க ஏற்பாடு செய்தோம் அல்லவா? முதல் சர்வர் நான் எழுதியது. கல்லூரிப் படி மிதிக்காமல் நானே கற்று எழுதியது. ஒவ்வொரு பிரவுசரும் சில நொடிக்கு ஒருமுறை “மாறிவிட்டதா?” என்று கேட்கும், சர்வர் “இல்லை” என்று சொல்லும். கே.கே. நகரில் மூன்றாவது ஆஸ்பத்திரி சேர்ந்ததும் அந்தச் சர்வர் படுத்துவிட்டது.

“இல்லைன்னு சொல்லவா அண்ணே இம்புட்டுப் பாடு? கேட்டவுக லைன்லயே இருக்கட்டும். நம்பர் மாறுனா மட்டும் வாயைத் திறப்போம்” என்றார் பானுமதி.

“அம்புட்டுப் பேரும் லைன்ல நின்னா ஆளுக்கொரு வேலையாள் மாதிரி ஆளுக்கொரு த்ரெட் வேணும்மா. மெஷின் தாங்காது.”

“ஒண்ணே போதும்ண்ணே. அது யாருக்காகவும் நின்னுறக் கூடாது, அம்புட்டுதான்.”

நான் நம்பவில்லை. நாலே நாளில் எழுதினார், அதே பழைய மெஷினில். சோதனைக்கு இணைப்புகளை ஏற்றிக்கொண்டே போனோம். நூறு, ஆயிரம், ஐயாயிரம். மெஷினின் மெமரி நிரம்பவே இல்லை. டோக்கனை மாற்றினார், ஐயாயிரம் பதில்களும் ஒரே மூச்சில் போயின. என்னை அறியாமல் நாற்காலியை விட்டு எழுந்து நின்றேன்.

சில வாரம் கழித்து, அவரைக் கேட்காமல் அதில் ஒரு வரி சேர்த்தேன். ஒவ்வொரு டோக்கனையும் டேட்டாபேஸில் எழுதி முடிக்கும்வரை நின்று காத்திருக்கும் வரி. திங்கட்கிழமைக் கூட்டத்தில் டேட்டாபேஸ் திணறியது. அந்த ஒற்றை த்ரெட் அங்கேயே நின்றது. மூன்று ஆஸ்பத்திரி நம்பர்களும் உறைந்தன. பலர் தங்கள் முறையைத் தவறவிட்டு டாக்டரைப் பார்க்காமல் திரும்பினார்கள். ஆஸ்பத்திரி டாக்டர் ஒருவர் போனில் கத்தினார். பட்டம் இல்லாதவன் தோற்றால் சிரிக்க எத்தனை பேர் இருந்தார்கள் என்பது எனக்குத்தான் தெரியும். உங்கள் எல்லார் முன்பும், போனில் அந்த டாக்டரிடம், “பானுவோட புது முறைதான் சார் கோளாறு” என்றேன்.

பானுமதி மறுக்கவில்லை. நான் சேர்த்த வரியைத் தேடி நீக்கி, சர்வரை ஓடவிட்டு, என் மேஜைக்கு வந்தார்.

“ஒத்த வரியில ஊரையே நிறுத்திட்டீகளேண்ணே” என்று மெல்லச் சிரித்தார்.

“என் வரியில ஒண்ணுமில்ல.”

“சரிண்ணே. ஒத்துக்கிறப்ப சொல்லுங்க. அதுவரைக்கும் லைனை நான் கட் பண்ண மாட்டேன்.”

மறுபடி ஒருநாளும் கேட்கவில்லை. “பானு கவிழ்த்த திங்கட்கிழமை” என்று நீங்கள் கேலி பேசியபோதெல்லாம் நான் சும்மா இருந்தேன்.

இன்றும் ஒரு வரி எழுதும் முன், இது யாரைக் காக்க வைக்கும் என்று பார்க்கிறேன். அவரிடமிருந்து நான் வைத்திருப்பது அந்த ஒரு கேள்வி.

அந்த வரி என்னுடையதுதான், பானு. இனி லைனை வைத்துவிடலாம்.