கிணற்றடியில், இரண்டு விநாடிக்கு ஒரு படம்

அக்டோபர் பாதியில் எங்கள் அடுக்ககத்தில் வெந்நீர்க் குழாய்களைத் திறந்துவிடுவார்கள். கோடை முழுக்கச் செத்துக் கிடந்த ரதியாத்தருக்குள், அறையைச் சூடாக்கும் அந்த இரும்புக் குழாய்ப் பெட்டிக்குள், தண்ணீர் ஏறும்போது முதலில் நாலைந்து தட்டு, அப்புறம் ஒரு விம்மல். உடுக்கையின் இடுப்பை இறுக்கினால் எழுமே, அந்த விம்மல். பிரான்சில் இந்த நாந்த் நகரத்துக்கு வந்து பதினெட்டு வருடமாக இதைக் கேட்கிறேன். போன வருடம் வரை அது வெறும் குழாய்ச் சத்தம். இந்த வருடம், கையில் காப்பியோடு ஜன்னலோரம் நின்றிருந்தவளுக்குக் கால் பெருவிரல் தானாக வளைந்து தரையைப் பற்றிக்கொண்டது. கோப்பையை மேசையில் வைத்துவிட்டு, இது என் கால்தானா என்று குனிந்து பார்த்தேன்.

கல்யாணங்களைப் படம் எடுப்பது என் பிழைப்பு. இங்கே இதற்கு ரெபொர்தாழ் என்று பேர். யாரையும் நிற்கச் சொல்வதில்லை, சிரிக்கச் சொல்வதில்லை, நடந்ததை இன்னொரு முறை நடத்தச் சொல்வதில்லை. விடியலில் மணப்பெண்ணின் அம்மா இஸ்திரி போடுவதில் தொடங்கி, கடைசி விருந்தாளி கார்ச் சாவியைத் தேடுவது வரை ஒரு கதைபோல எடுத்துக்கொண்டே இருப்பேன். காமிராவுக்குச் சத்தம் கிடையாது. கறுப்புச் சட்டை, ரப்பர்ச் செருப்பு. ஆல்பத்தைக் கையில் வாங்கும்போது, நீங்கள் அங்கே இருந்ததே எங்களுக்குத் தெரியவில்லை என்பார்கள். இந்தத் தொழிலில் அதைவிடப் பெரிய பாராட்டு இல்லை. இருந்தும் இல்லாமல் இருப்பதற்குச் சம்பளம் வாங்கி வாங்கி அதில் எனக்குக் கை தேர்ந்துவிட்டது.

என் தங்கை பரிமளா செத்த செய்தி ஒரு வெள்ளிக்கிழமை வந்தது. மறுநாள் ஒரு கல்யாணம் ஒப்புக்கொண்டிருந்தேன். விமானம் இருந்தது, சீட்டும் இருந்தது. நான் போய்ச் சேர்வதற்குள் எடுத்துவிடுவார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, சனிக்கிழமை காலை காமிராப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பினேன். அன்று எடுத்த படங்கள் நன்றாக வந்திருந்தன. இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

இரண்டு வருடம் கழித்து அவள் மகள் சுகன்யாவுக்குக் கல்யாணம். திண்டிவனத்தில் மண்டபம், மாப்பிள்ளை விழுப்புரத்துப் பையன். சுகன்யா தானே தேடிக்கொண்டவன். பரிமளாவுக்கு அவனைப் பிடிக்கவில்லை. ஆறு மாதம் மகளோடு பேச்சில்லாமல் இருந்து, அந்தப் பேச்சில்லாத காலத்திலேயே ஒரு காய்ச்சலில் போய்விட்டாள். அப்பா ஏழுமலை மனசு மாறி நாள் குறித்துவிட்டார். பெண்தான் மசியவில்லை. போனில் என்னிடம் தெளிவாகச் சொன்னாள்: “அம்மாவ அழைக்கணும் பெரியம்மா. வந்து ஒரு வார்த்த சொல்லணும். இல்லன்னா நான் மணையில உக்கார மாட்டேன்.” மருந்துக் கடையில் வேலை பார்க்கிற, எதையும் கணினியில் சரிபார்க்கிற பெண். கூடவே இன்னொன்றும் கேட்டாள்: “போட்டோ நீங்களே எடுங்க. ஸ்டோரி மாதிரி.”

எங்கள் பக்கத்தில் கல்யாணத்துக்கு முன்னால் பூவாடைக்காரியை அழைப்பார்கள். பூவும் பொட்டுமாகப் போய்ச் சேர்ந்த பெண் அந்த வீட்டுக்குத் தெய்வம். அவள் தண்ணீரில் இருப்பாள். கிணற்றடியில் பம்பையடித்து, பேர் சொல்லிக் கூப்பிட்டால் சொந்தத்தில் யார் மேலாவது இறங்கி வருவாள். குறை இருந்தால் சொல்வாள், இல்லாவிட்டால் நெற்றியில் குங்குமம் வைத்து வாழ்த்திவிட்டுப் போவாள். சின்ன வயதில் இதைக் கூட்டத்துக்குப் பின்னால் நின்று எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். அப்போது வந்தவர்கள் எல்லாம் எனக்கு முகம் தெரியாத பெண்கள்.

மண்டபத்துக்குப் போவதற்கு முந்தின நாள், ஏழுமலையின் மல்லாட்டைக் கொல்லைக் கிணறு, சுற்றிலும் நிலக்கடலைச் செடிகள். நல்ல வெயில், நாலு மணி. மேல்மலையனூர்ப் பக்கத்திலிருந்து வந்த பம்பைக்காரர்கள் மூன்று பேர், பொழுது சாய்ந்ததும் அனந்தபுரத்தில் இன்னொரு வீட்டுக்குப் போகவேண்டும், ஜல்தியா ஆரம்பிக்கலாம் என்றார்கள். கிணற்று நீர் மொண்ட குடத்துக்கு மஞ்சள் பூசி, வேப்பிலை செருகி, சரம் சரமாகப் பூச்சுற்றி, பரிமளாவுக்கென்று எடுத்த அரக்குப் புடவையைச் சாத்தினார்கள். நான் பம்ப்செட் கொட்டகை நிழலில் என் வேலையில் இருந்தேன். ஏழுமலையின் அக்கா அரைமணியாகப் புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு என் முன்னால் விறைப்பாக நின்று பார்த்துவிட்டுக் கடைசியில் சலித்துப்போனார்: “ஏம்மா, நிக்கும்போது எடுக்க மாட்ற, வெத்தல துப்பும்போது எடுக்கிற. பிரான்சுல இப்பிடித்தான் சொல்லிக் குடுத்தாங்களா?” எல்லாரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பும் என்னிடம் படமாக இருக்கிறது.

பம்பை தொடங்கியது. சிலம்பு சேர்ந்துகொண்டது. பெரிய பம்பைக்காரர் பரிமளாவின் பிறந்த வீடு, புகுந்த வீடு, பெற்றது, வளர்த்தது எல்லாவற்றையும் பாட்டில் அடுக்கிக் கூப்பிட்டார். அவள் வரவில்லை. சொந்தக்காரர்கள் ஒவ்வொருவராகக் குடத்தின் மேல் கைவைத்தார்கள். ஒருவர் மேலும் ஒரு நடுக்கமும் இல்லை. இரண்டாவது முறையும் பாடினார். வேப்பமரத்தில் ஓர் இலை அசையவில்லை. கிணற்று நீரில் மிதக்கவிட்ட கற்பூரம் மட்டும், காற்றே இல்லாமல், சுவரோரமாக நகர்ந்து நான் நின்ற பக்கம் வந்து நின்றது. எடுத்தேன். சுகன்யாவின் முகம் சுண்டிக்கொண்டு வந்தது. அதையும் எடுத்தேன்.

பம்பைக்காரர் அடிப்பதை நிறுத்தினார். “பொண்ணு வந்து நின்னுக்கினுதான் இருக்கா. உள்ள வர மாட்றா. ரத்த சொந்தம் யாராவது வெளிய நிக்கிறாங்களா?”

ஏழுமலை கூட்டத்தை ஒரு சுற்றுப் பார்த்தார். அவர் கண் என் மேல் பட்டு, நிற்காமல், கொட்டகைக் கதவுக்குப் போனது. “எல்லாம் கைவெச்சாச்சுங்க. பாக்கி யாருமில்ல.” அவரைக் குறை சொல்ல மாட்டேன். ஒரு குடும்பமே கைவைத்து முடித்தும், கூடப் பிறந்த எனக்கே என் ஞாபகம் வரவில்லை. சுகன்யாதான் எழுந்து என்னிடம் வந்தாள். காமிராவின் கண்ணை உள்ளங்கையால் மூடினாள். “போட்டோ போதும் பெரியம்மா. அம்மாவ நீங்க கூப்புடுங்க.”

அப்போதும் எனக்குத் தொழில் புத்தி போகவில்லை. இந்த இடம் இல்லாமல் கதை பாதியில் நின்றுவிடுமே என்று, காமிராவைக் கொட்டகைத் திட்டில் வைத்து, இரண்டு விநாடிக்கு ஒரு படம் தானாக எடுக்கும்படி அமைத்தேன். செருப்பைக் கழற்றினேன். குடத்தின் மேல் கைவைத்தேன். ஈரப் புடவை குளிர்ந்திருந்தது. பரிமளா என்றேன். எத்தனையோ வருடத்துக்குப் பிறகு வாய்விட்டு அந்தப் பேர். பம்பை எழுந்தது.

பிறகு என் முடி நனைந்திருந்தது. யாரோ எனக்குத் தண்ணீர் புகட்டிக்கொண்டிருந்தார்கள். நிழல்கள் கொஞ்சம் நீண்டிருந்தன. சுகன்யாவின் நெற்றி நிறையக் குங்குமம், என் வலதுகை விரல்களிலும் குங்குமம். ஏழுமலை துண்டில் முகத்தைப் புதைத்து அழுதுகொண்டிருந்தார். என்ன சொன்னாள் என்று கேட்டேன். எல்லாம் நல்ல வார்த்தைதான் என்றார்கள், ஆளாளுக்கு, சொல்லிவைத்த மாதிரி.

மறுநாள் சுகன்யா மணையில் உட்கார்ந்தாள். ட்ரோன் பறந்தது. வீடியோக்காரர் தாலி கட்டுகிற கையை விளக்குக்காக இரண்டு முறை நிறுத்தச் சொன்னார். நான் வழக்கம்போல ஓரமாக நின்று எடுத்தேன். மூன்றாம் நாள் விழுப்புரத்தில், விடுதி அறையில், கிணற்றடிப் படங்களைத் திறந்தேன். முந்நூறுக்கு மேல் இருந்தன. தொழில் ஆரம்பித்த நாளிலிருந்து நான் இல்லாத படங்களையே பார்த்து வந்தவள், முதல் முறையாக என்னைத் தொடர்ச்சியாகப் பார்த்தேன். முதல் பத்தில் நான் இருக்கிறேன். பதினொன்றாவதில் இல்லை. அதே கறுப்புச் சட்டை, அதே நரைத்த வகிடு. ஆனால் அந்தப் பெண் கீழுதட்டை மேற்பல்லின்மேல் ஏற்றி மூடிக்கொண்டிருக்கிறாள். பரிமளாவுக்கு முன்பல் ஒன்று உடைந்திருந்தது, போட்டோ என்றாலே அப்படித்தான் மறைப்பாள். எனக்கு எந்தப் பல்லும் உடையவில்லை. அடுத்த நூற்றைம்பது படங்களில் அவள் சுற்றிச் சுற்றிப் பார்க்கிறாள். கூட்டத்தை ஒவ்வொரு முகமாக. கிணற்றுக்குள். கொட்டகை நிழலில், நான் நின்றிருந்த இடத்தில் நெடுநேரம். அவள் உதடுகள் ஒரே வடிவத்தில் திரும்பத் திரும்பக் குவிந்து விரிகின்றன. படத்துக்கு ஒலி இல்லை. பிறகு சுகன்யா அவள் காதருகே போய் ஏதோ சொல்கிறாள். அதற்கப்புறம்தான் முகம் தணிந்து, கை குங்குமத்துக்கு நீள்கிறது.

இந்த வாரம், ரதியாத்தர் விம்மத் தொடங்கிய அதே நாளில், வசந்தத்தில் கல்யாணம் செய்துகொள்ளப்போகிற ஜோடி ஒன்று வீட்டுக்கு வந்தது. கமீல், தொமா. நான் எடுத்தவற்றைப் பார்க்க வேண்டும் என்றார்கள். தொகுப்பில் அந்தக் கிணற்றடிப் படம் ஒன்று கலந்துவிட்டிருந்தது. கமீல் அதில் நின்றுவிட்டாள். பூக்கள் சுற்றிய குடத்தைத் திருமணக் கேக் மாதிரி ஏதோ என்று எடுத்துக்கொண்டாள், நான் திருத்தவில்லை. தலைவிரித்திருக்கும் பெண்ணைத் தொட்டு, யார் இவர் என்று கேட்டாள். என் தங்கை என்றேன். வாய் தானாகச் சொன்னது. அச்சு அசல் உங்களைப் போலவே இருக்கிறார் என்று வியந்தாள். காமிரா இருப்பதே அவருக்குத் தெரியவில்லை பாருங்கள், எங்களையும் இப்படி எடுப்பீர்களா என்றாள். எடுப்பேன் என்றேன். அவர் எதைத் தேடுகிறார் என்று தொமா கேட்டான். தெரியவில்லை என்று பிரெஞ்சில் சொன்னேன். அந்த மொழியில் எனக்கு அது தெரியாதுதான்.

தமிழில் தெரியும். விழுப்புரத்தில் மாப்பிள்ளை வீட்டு வாசலில், மீனம்பாக்கம் போகிற கார் உறுமிக்கொண்டிருந்தபோது தெரிந்துகொண்டேன். சுகன்யா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் அவளிடம், எல்லாப் படத்தையும் பார்த்துவிட்டேன், உங்கம்மா பாதி நேரம் யாரையோ தேடுகிறாள், மறைக்காமல் சொல் என்றேன். அவள் என் தோளில் சரிந்திருந்த பைப்பட்டையை மேலே ஏற்றிவிட்டாள். டிரைவர் ஒருமுறை ஹாரன் அடித்தார்.

“அக்கா வரலையா, அக்கா வரலையான்னு கேட்டுக்கினே இருந்தாங்க பெரியம்மா,” என்றாள். “வந்துக்கினு இருக்காங்கம்மான்னு சொல்லிட்டேன்.”