ஆசிட் ரெக்கார்டும் கீழ்வீட்டு அக்காவும்

ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் தமிழ்ப் பூசை முடிந்ததும் என் கணவருக்குத் தேக்கா சந்தையில் மீன் வாங்கியாக வேண்டும். எனக்கு இசைத்தட்டு. அவர் சந்தைக்குள் மீன்களின் செவுளைத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருக்கும் நேரத்தில், நான் சிராங்கூன் ரோட்டைக் கடந்து, ஒரு பழைய கடைத்தொகுதியின் மாடியில் இருக்கும் ரெக்கார்டு கடையில் அட்டைகளைப் புரட்டிக்கொண்டிருப்பேன்.

நான் வாங்குவது எல்லாம் ஒரே ரகம். எண்பதுகளில் மேசை மேல் வைக்கும் சின்ன இயந்திரங்களைக் கொண்டு செய்த நடன இசை. அதிலும் இத்தாலிக்காரர்களின் டிஸ்கோ என்றால் எனக்கு உயிர். அவர்களுக்கு ஆங்கிலம் அவ்வளவாக வராது, ஆனால் ஆங்கிலத்தில்தான் பாடுவார்கள். நிலா, ரோபோ, தொலைபேசி, கண்ணீர், இவற்றை வைத்துக்கொண்டே ஒரு பக்கம் முழுக்க உருகுவார்கள். அந்தக் காலத்து அசல் தட்டுகளின் விலை நமக்குக் கட்டுப்படியாகாது. நல்லவேளையாக இப்போது பலவற்றை மறுபடி அச்சடித்து விற்கிறார்கள். ஒரு பல் கிளினிக்கின் வரவேற்பு மேசையில் உட்கார்ந்து நாள் முழுக்க டிரில் சத்தம் கேட்டுவிட்டு வருகிறவளுக்கு இதைவிட நல்ல மருந்து கிடையாது. என் கணவர் கோயில் பாடகர் குழுவில் பாடுகிறவர். என் ரசனையைப் பற்றி அவர் ஒன்றும் சொல்வதில்லை. ஒன்றும் சொல்லாமல் இருப்பதைக் கொஞ்சம் அழுத்தமாகவே செய்வார்.

ஒரு ஞாயிறு கடைக்காரர், "புதுசா வந்திருக்கு, கேட்டுப் பாருங்க," என்று ஆங்கிலத்தில் சொல்லி ஒரு தட்டைப் போட்டார். ஆசிட் என்பார்கள் அந்த வகையை. பாட்டு கிடையாது. ஒரு தாளம், அதன்மேல் ஒரே ஒரு சத்தம். அந்தச் சத்தம் கொப்பளிக்கும், நெளியும், இழுபடும், திடீரென்று மூக்கடைத்துக்கொள்ளும், மறுபடி திறந்துகொள்ளும். முதலில் சிரிப்பு வந்தது. பிறகு கால் ஆடியது. வாங்கிவிட்டேன்.

குவீன்ஸ்டவுனில் எங்கள் பிளாட்டில் ஸ்பீக்கர் வைக்க ஓர் அலமாரி உண்டு. ஆனால் அதை என் கணவரின் பாட்டுக் கோப்புகள் பிடித்துக்கொண்டிருந்தன. ஆகவே ஸ்பீக்கர் இரண்டும் தரையில், சமையலறைச் சுவரை ஒட்டி இருந்தன.

எங்களுக்கு நேர் கீழே ஓர் அக்கா இருக்கிறார். பாலிகிளினிக் எனப்படும் பலதுறை மருந்தகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மகள் உட்லண்ட்ஸில் இருக்கிறாள், இவர் இங்கே தனியாக. எங்களுக்குள் ஏற்கெனவே ஒரு கதை உண்டு. முன்பு எங்கள் குளியலறைத் தரை கசிந்து அவர் வீட்டுக் கூரையில் பெரிய கறை பிடித்துவிட்டது. தரையை உடைத்து மறுபடி போட்டோம். அக்கா ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. ஆனால் அன்றிலிருந்து அவரை லிஃப்டில் பார்த்தால் எனக்குத் தானாகவே தலை குனியும்.

அந்த வாரம் ஒரு நாள் சாயங்காலம் மணி அடித்தது. ஆள் வந்தால் பாட்டை நிறுத்துவதுதானே மரியாதை. ஊசியைத் தூக்கிவிட்டுக் கதவைத் திறந்தேன். அக்கா நின்றுகொண்டிருந்தார்.

"ஏம்மா, உங்க பைப்புல ஏதோ ஓடுது. கொளகொளன்னு சத்தம். என் கிச்சன்ல நல்லாக் கேக்குது."

மறுபடியும் கசிவா என்று பதறி அவரை உள்ளே அழைத்துப் போனேன். இருவரும் குளியலறையில் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம். சமையலறைத் தொட்டிக்குக் கீழே குனிந்து பார்த்தோம். சத்தமே இல்லை.

"நான் மேல வந்ததும் நின்னுடுச்சு," என்றார் அக்கா.

"வந்தா சொல்லுங்க அக்கா, எந்நேரமா இருந்தாலும்," என்றேன். அவர் கீழே போனார். நான் ஊசியை விட்ட இடத்தில் வைத்தேன்.

இரண்டாம் முறை வந்தபோது அவர் கூடவே ஒரு பிளம்பரும் வந்தார். ஜொகூரிலிருந்து தினமும் மோட்டார் சைக்கிளில் எல்லைப் பாலத்தைக் கடந்து வருகிற தமிழர். நான் ஊசியைத் தூக்கிவிட்டு அவர்களை வரவேற்றேன். பிளம்பர் ஒரு ஸ்குரூ டிரைவரின் முனையைக் குழாயில் வைத்து, பிடியைக் காதில் வைத்து, டாக்டர் மாதிரி கண்ணை மூடிக்கொண்டார்.

"காத்து," என்றார் கடைசியில். "பைப்புக்குள்ள காத்து அடைச்சிருக்கு. இந்த வால்வை மாத்திட்டா போயிடும்."

மாற்றினார். அக்காவுக்கு நிம்மதி. எனக்கும்தான். அந்த வாரம் புதிதாக ஓர் இத்தாலித் தட்டு வந்திருந்ததால் நான் அதையே போட்டுக்கொண்டிருந்தேன். கீழே அமைதி. வழியில் பார்த்தபோது, "அந்தப் பையன் கைராசிக்காரன்லா," என்று அக்கா பாராட்டினார். அந்த மகிழ்ச்சியில் வீட்டுக்கு வந்து ஆசிட்டைப் போட்டேன்.

சத்தம் திரும்ப வந்துவிட்டது. இந்த முறை கூரை எப்போது வேண்டுமானாலும் பிளக்கலாம் என்று அக்கா சமையலறை நடுவில் ஒரு சிவப்பு வாளியை வைத்துவிட்டார். ஒரு சொட்டுத் தண்ணீர்கூட விழவில்லை என்பது அவருடைய பயத்தைக் கூட்டியதே தவிர குறைக்கவில்லை. தண்ணீர் எங்கேயோ சேர்ந்துகொண்டிருக்கிறது என்றார்.

"தம்பி, நீங்களே வந்து காதால கேளுங்க," என்று அடுத்த நாள் வாசலில் என் கணவரைப் பிடித்துக்கொண்டார். நான் வேலையிலிருந்து திரும்பவில்லை. அவர் பையோடு அப்படியே கீழே போயிருக்கிறார். நான் வந்து, வீடு காலியாக இருப்பதைப் பார்த்து, செருப்பைக் கழற்றிவிட்டுத் தட்டைப் போட்டேன்.

கீழே நடந்ததை அவர்தான் பிறகு சொன்னார். அக்காவும் அவரும் வாளிக்கு இரண்டு பக்கமும் நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்களாம். சத்தம் தொடங்கியிருக்கிறது. "பாத்தீங்களா, தாளத்தோட ஓடுது," என்று அக்கா சொல்லியிருக்கிறார். வாரக்கணக்கில் அந்தத் தட்டைப் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டவர் என் கணவர். அவருக்குத் தெரியாமல் இருக்குமா?

என் போன் அடித்தது.

"ஊசியைத் தூக்கு," என்றார்.

"ஏன்?"

"தூக்கு, சொல்றேன்."

தூக்கினேன்.

"இப்ப வை."

வைத்தேன்.

"தூக்கு."

அக்கா பக்கத்தில் நின்று இதையெல்லாம் பார்த்திருக்கிறார். என் கணவர் போனில் சொல்லச் சொல்ல, கூரையில் சத்தம் நிற்கிறது, தொடங்குகிறது, நிற்கிறது. கட்டடத்தைப் பராமரிப்பவர்களிடம் பேசுகிறார் என்று நினைத்து, "டவுன் கவுன்சிலா? பரவாயில்லையே," என்றாராம், "இப்பல்லாம் போன்லயே சரி பண்ணிடறாங்க."

நான் கீழே போனபோது என் கணவர் சுவர்ப் பக்கம் திரும்பி நின்றுகொண்டிருந்தார். தோள் குலுங்கியது. விளக்கம் சொல்லும் பொறுப்பை என்னிடம் விட்டுவிட்டார் என்று புரிந்தது.

"அக்கா, அது பைப் இல்ல. ஆசிட்," என்றேன்.

அக்காவின் முகம் வெளிறியது. "பைப்புல ஆசிட்டா ஊத்துனீங்க? பைப் அரிச்சுப் போயிடும்லா. அதான் கொளகொளன்னு கேக்குது."

"ஊத்தல அக்கா. அது பாட்டு."

"பாட்டா?"

"பாட்டு."

அவர் வாளியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். கோபமா, சிரிப்பா என்று அந்த முகத்தில் கண்டுபிடிக்க முடியவில்லை. "மேல வந்து கேக்கறேன்," என்றார்.

வந்தார். சோபாவில் நிமிர்ந்து உட்கார்ந்து, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, ஒரு பக்கம் முழுவதையும் கேட்டார். ஒருவர் தன் வீட்டுக் கூரையை உடைக்கப் பார்த்த சத்தத்தை நேருக்கு நேர் சந்திக்கும் முகத்தோடு கேட்டார். என் கணவர் தேநீர் கொண்டுவந்து வைத்தார். அக்கா அதைத் தொடவில்லை.

முடிந்ததும், "இதைக் காசு குடுத்தா வாங்குனீங்க?" என்று கேட்டார்.

"ஆமா அக்கா."

"சரி," என்றார், ஒரு நோயாளியிடம் பேசும் மெதுவான குரலில்.

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. என்னிடம் நல்ல தட்டுகளும் உண்டு என்று காட்டியே ஆக வேண்டும் போலிருந்தது. புதிதாக வந்த இத்தாலித் தட்டைப் போட்டேன். அக்கா கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, "இவன் என்ன கேக்கறான்?" என்றார்.

"ஒரு பொண்ணுகிட்ட போன் நம்பர் கேக்கறான்."

"குடுக்கலையா அவ?"

"கடைசி வரைக்கும் குடுக்க மாட்டா."

"பாவம்," என்று சொல்லி அக்கா தேநீரை எடுத்துக்கொண்டார். அவருடைய வலது கால் மெதுவாக மேலே போய் வருவதைக் கவனித்தேன். முதலில் தாளம் போடுகிறார் என்று நினைத்தேன். இல்லை. முழங்கால் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர் அவர். பிசியோதெரபியில் கால் தூக்கி இறக்கும் பயிற்சி கொடுத்திருக்கிறார்களாம். தனியாகச் செய்தால் சலிப்பாக இருக்கிறது என்று விட்டுவிட்டாராம். "இது நல்லா இருக்கு," என்றார். "அவசரப்படுத்த மாட்டேங்கறான்."

அன்று ராத்திரியே என் கணவர் தம் பாட்டுக் கோப்புகளைக் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டு ஸ்பீக்கர்களை அலமாரியில் ஏற்றினார். ஆசிட்டை நான் ஹெட்போனில் கேட்பது என்று முடிவானது. அந்த முடிவில் அவருக்கு இருந்த மகிழ்ச்சியை மறைக்க அவர் முயலவில்லை.

அக்கா சாயங்காலங்களில் வரத் தொடங்கினார். சாப்பாட்டு மேசை நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு காலைப் பக்கவாட்டில் தூக்குவார், பின்னால் தூக்குவார். நான் தட்டு மாற்றுவேன். எலக்ட்ரோ என்ற இயந்திரத் தாள இசையை அவர் ஏற்கவில்லை. "இது ரோபோவுக்கு," என்று தள்ளிவிட்டார். சோகமான இத்தாலிக்காரர்கள்தான் முழங்காலுக்கு நல்லவர்கள் என்பது அவர் கண்டுபிடிப்பு. சில நாள் என் கணவரும் பக்கத்து நாற்காலியைப் பிடித்துக்கொண்டு கால் தூக்கினார். டிஸ்கோ பிடித்துவிட்டதா என்று கேட்டேன். முதுகு வலி என்றார்.

போன் நம்பர் கேட்கும் அந்தத் தட்டு எப்படியோ அக்காவுடையதாகிவிட்டது. அவரிடம் பிளேயர் கிடையாது. தட்டு எங்கள் வீட்டில்தான் இருக்கும். ஆனால், "நான் இல்லாதப்பப் போட்டு தேய்க்காதீங்கம்மா," என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

பள்ளி விடுமுறைக்கு அவர் பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள உட்லண்ட்ஸுக்குப் போய்விட்டார். ஒரு நாள் என் கணவர் அலமாரி முன்னால் நின்று, அந்தத் தட்டின் உறையை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். "போடலாமா?" என்றார், யாரையும் பார்க்காமல். எனக்கும் கேட்க வேண்டும் போலத்தான் இருந்தது. ஆனாலும் சொல்லாமல் போட மனம் வரவில்லை. அக்காவுக்குப் போன் செய்தேன்.

மறுமுனையில் பிள்ளைகள் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்கள். அக்கா அவர்களை அதட்டிவிட்டு வந்தார்.

"ஒரு பக்கம் மட்டும்," என்றார்.