சாம்பலுக்குக் குரல் கொடுத்தவர்

அவருக்கு வீட்டில் வைத்த பெயர் ஒன்று உண்டு. டப்பிங் கூடத்தில் யாரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. முதலில் 'கும்பல்' என்று கூப்பிட்டார்கள். வேற்று மொழிப் படத்துக்குக் குரல் சேர்க்கும்போது சந்தையில் கூவுகிறவர்கள், விபத்தைப் பார்த்து ஓடி வருகிறவர்கள், ரயில் நிலையத்தில் முணுமுணுப்பவர்கள் எல்லாரும் தேவை. நான்கைந்து பேர் ஒரே மைக்கைச் சுற்றி நின்று அந்த ஊரையே உண்டாக்குவார்கள். அவர் அந்த நான்கைந்து பேரில் ஒருவர். பூட்டிய கதவுக்குப் பின்னாலிருந்து "யாரது?" என்பார். போலீஸ் வயர்லெஸ்ஸில் இரைவார்.

படம் வெளியானால் மனைவியைக் கூட்டிக்கொண்டு போவார். தன் இடம் வரும்போது அவள் கையைத் தட்டுவார். தட்டி முடிப்பதற்குள் குரல் போய்விட்டிருக்கும்.

"எங்க?"

"போயிடுச்சு."

"தட்டாம இருந்தா கேட்டிருப்பேன்" என்பாள்.

பிறகு அந்தப் படம் வந்தது. ஆறு வீரர்கள் சேர்ந்து ஒரு நகரத்தைக் காப்பாற்றுகிற கதை. ஒருவன் பறப்பான், ஒருத்தி மின்னலைப் பிடிப்பாள். ஆறாவது ஆள் சாம்பல். சாம்பல் நிற உடை, மூக்கிலிருந்து கழுத்துவரை இறுகக் கட்டிய துணி. ஏன் அந்தப் பெயர் என்று படத்தில் யாரும் சொல்லவில்லை. மூலப் படத்தில் அவனுக்கு ஒரு வசனமும் கிடையாது. வருவான், அடிப்பான், நிற்பான்.

வசனம் எழுதியவரை எல்லாரும் ரைட்டர் என்பார்கள். இந்தத் தொழிலில் வாய் தெரிகிற பாத்திரத்துக்கு உதட்டசைவை அளந்துதான் எழுத முடியும். முதுகு காட்டி நிற்பவன், தலைக்கவசம் போட்டவன், முகமூடிக்காரன் ஆகியோர் வாயில் எதை வேண்டுமானாலும் போடலாம். போடாமல் விட்டால்தான் தப்பு.

"ஆறு பேர்ல ஒருத்தன் சும்மா சம்பளம் வாங்கறான். விடலாமா?" என்றார் ரைட்டர். வழக்கமான குரல்காரர்கள் மற்ற ஐந்து பேருக்கும் போய்விட்டிருந்தார்கள். "கும்பல், நீ வாய்யா."

அப்படித்தான் சாம்பல் பேசத் தொடங்கினான். அடிக்கு ஒரு கிண்டல், பாய்ச்சலுக்கு ஒரு நக்கல். கடைசியில் ஒரு அடுக்குமாடிக் கட்டிடம் எரிந்து சரிகிறது. சாம்பல் நமக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வெகுநேரம் நிற்கிறான். "இவ்வளவு நேரம் நிக்கறானே, எதாவது சொல்லித் தொலைக்கட்டும்" என்று ரைட்டர் அங்கேயே எழுதிக் கொடுத்தார்.

"அப்பாடா. இந்த மாச வாடகை மிச்சம்."

தியேட்டரில் எழுந்த சிரிப்பில் அடுத்த காட்சியின் வசனம் எவருக்கும் கேட்கவில்லை. அந்த ஒரு வரி கைபேசி கைபேசியாகப் போனது. வீட்டைக் காலி செய்கிறவர்கள் சொன்னார்கள், வேலையை விட்டவர்கள் சொன்னார்கள். கூடத்தில் அவர் 'சாம்பல் அண்ணன்' ஆனார். பெரிய வேடம் எதுவும் வந்துவிடவில்லை, கும்பலில்தான் நின்றார். ஆனால் நிற்பவர்களில் அவருக்கு மட்டும் நாற்காலி போட்டார்கள். மனைவி துணிக்கடையில் கல்லாவில் இருந்தாள். அவளை 'சாம்பலோட சம்சாரம்' என்று அறிமுகப்படுத்தினார்கள். மகள் கல்யாணத்தில் மாப்பிள்ளை வீட்டார் மைக்கைக் கையில் கொடுத்து அதைச் சொல்லச் சொன்னார்கள். சொன்னார். சம்பந்தியம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்.

பல வருடங்கள் கழித்து அதே படம் திரும்ப வந்தது. இயக்குநர் தன் விருப்பப்படி தொகுத்த பதிப்பு. தியேட்டருக்காகக் கம்பெனி வெட்டி எறிந்ததையெல்லாம் அவர் எடுத்து ஒட்டியிருந்தார். இனி இதுதான் இருக்கும், பழையதை எல்லா இடத்திலிருந்தும் எடுத்துவிடப் போகிறார்கள் என்று சொல்லியிருந்தார்கள். புதிய காட்சிகளுக்கு மட்டும் குரல் சேர்த்தால் போதும். மற்ற இடங்களுக்குப் பழைய ஒலியையே பொருத்திக்கொள்ளலாம்.

சவுண்ட் இன்ஜினியர் சின்ன வயதுப் பெண். பழைய ஒலியைப் புதிய படத்தின்மேல் பொருத்தி வைத்திருந்தாள். அவரும் ரைட்டரும் அவளும் பார்க்க உட்கார்ந்தார்கள். புதிய காட்சிகள் இன்னும் மூல மொழியில் ஓடின. ரைட்டர் மொழிபெயர்ப்புத் தாளைப் பார்த்து வாசித்துக்கொண்டே வந்தார்.

ஒரு குறுகலான சமையலறை. ஜன்னலில் மஞ்சள் திரை. வயதான பெண் ஒருத்தி நமக்கு முதுகைக் காட்டிப் பாத்திரம் கழுவுகிறாள். மேஜையருகே சாம்பல். முகத்தில் துணி இல்லை. அந்த முகத்தை அவர் அப்போதுதான் பார்த்தார். தாடைவரை பழைய தீக்காயம். பக்கத்து வீட்டுக்காரி ஏதோ கேட்கிறாள். அவன் அம்மா திரும்பாமலே பதில் சொல்கிறாள்.

ரைட்டர் வாசித்தார். "'சின்ன வயசுல வீடு பத்திக்கிச்சு. தங்கச்சிய இவனால வெளிய கொண்டு வர முடியல. அன்னிலேர்ந்து பேசறதில்ல. டாக்டர் தொண்டையில ஒண்ணுமில்லங்கறாரு.'" தாளைப் புரட்டினார். "'பேசாத பிள்ளையோட எப்படி இருக்கீங்க?' 'அவன் மூச்சு விடறதுலயே எனக்குத் தெரிஞ்சிடும்.'"

சாம்பல் எழுந்து தட்டைத் தொட்டியில் வைத்தான். அம்மாவின் தோளைத் தொட்டுவிட்டு வெளியே போனான்.

பிறகு பழைய காட்சி. கட்டிடம் எரிகிறது. இந்த முறை மூன்றாவது மாடி ஜன்னலை அருகில் காட்டினார்கள். மஞ்சள் திரை பற்றிக்கொண்டு பறந்தது. கட்டிடம் சரிந்தது. சாம்பல் முதுகைக் காட்டி நின்றான்.

"அப்பாடா. இந்த மாச வாடகை மிச்சம்."

இன்ஜினியர் பழக்கத்தில் சிரித்துவிட்டாள். உடனே வாயைப் பொத்திக்கொண்டாள். படத்தை நிறுத்தினாள்.

ரைட்டர்தான் தொண்டையைச் செருமினார். "பதற வேண்டாம். அம்மா சொல்றப்ப முதுகுதான தெரியுது? 'பேசறதில்ல'ங்கறத 'யாரோடயும் ஒட்டறதில்ல'ன்னு மாத்திடறேன். ஜன்னலக் காட்டறப்ப அந்தம்மா ஊருக்குப் போயிட்டதா எவனாவது ஒருத்தன் கத்திட்டாப் போதும். கும்பல்தான இருக்கே."

"கம்பெனில கேட்டா?" என்றாள் அவள்.

"அவனுக்கு நம்ம பாஷை தெரியுமா? ஜனங்க அந்த ஒரு வரிக்குத்தான் படத்தையே போடுவாங்க. அது இல்லன்னா நம்மள உதைப்பாங்க."

அவள் ரைட்டரை விட்டுவிட்டு அவர் பக்கம் திரும்பினாள். "எனக்கு மனசு கேக்கல. ஆனா உங்க குரல். எடுக்கறதுன்னா மொத்தமா எடுக்கணும். படத்துல உங்களோடது ஒரு வார்த்தை கூட இருக்காது. நீங்களே சொல்லுங்கண்ணா."

நாளைக்குச் சொல்கிறேன் என்று எழுந்து வந்துவிட்டார்.

அவர் சொன்னதையெல்லாம் மனைவி துவைத்த துணிகளை மடித்துக்கொண்டே கேட்டாள்.

"இருக்கறபடியே விடச் சொல்லுங்க. இத்தனை வருஷம் கதவுக்குப் பின்னாடியே நின்னாச்சு. ஒரு தடவ வெளிய வந்தீங்க. அதையும் வந்து பிடுங்கணுமா?"

"ரைட்டரும் அதான் சொல்றான்."

"அந்தாளுக்கும் சில நேரம் புத்தி வேலை செய்யும்." ஒரு சட்டையை மடித்து வைத்தாள். "அந்த அம்மா உள்ளயேதான் இருக்காங்களா?"

"ம்."

"அவன் பாத்துட்டு நிக்கறானா?"

"ம்."

அடுத்த துணியை எடுத்தாள். மடிக்கவில்லை. "கல்யாணத்துல வேற சொன்னீங்களே" என்றாள்.

காலையில் அவர் போனபோது ரைட்டர் முன்பே வந்து, மாற்றிய வசனத்தோடு உட்கார்ந்திருந்தார்.

"எடுத்துடும்மா" என்றார் இவர், இன்ஜினியரிடம்.

"யாரைக் கேட்டுய்யா?" ரைட்டர் எழுந்துவிட்டார். "வசனம் என்னுது. உனக்கு நாற்காலி வந்ததே அதனாலதான்."

"உன்னுதுதான். எடுத்துட்டுப் போய் வேற யாருக்காவது குடு. படத்துல ஒரு பைலட் ஹெல்மெட்டோடதான் வரான்."

"கிண்டலா? நாளைக்கு எவனும் உன்னைத் திரும்பிக்கூடப் பாக்க மாட்டான்."

"தெரியும்" என்றார்.

ரைட்டர் தாள்களை மேஜையில் போட்டுவிட்டு வெளியே போனார். கண்ணாடிக்கு அப்பால் தாழ்வாரத்தில் அவர் நடப்பது கொஞ்ச நேரம் தெரிந்தது.

இன்ஜினியரின் திரையில் அவர் குரல் துண்டு துண்டாக நீலக் கோடுகளாக இருந்தது. அவள் ஒவ்வொன்றாக அழித்தாள். கட்டிடத்துக்கு வந்ததும் கொஞ்சம் நிறுத்தினாள். அவர் தலையசைத்தார். அதுவும் போனது.

ஓட்டிப் பார்த்தபோது சாம்பல் பொம்மைபோல் நின்றான். குரலில்லாமல் வெறும் இசையும் சத்தங்களும் மட்டும் சேர்த்துத்தான் கம்பெனி ஒலி அனுப்பும். மூச்சும் குரலில்தான் சேர்த்தி. அதையும் இங்கேதான் தர வேண்டும்.

"மூச்சு மட்டும் நீங்களே குடுக்கறீங்களாண்ணா?"

கைக்குட்டையைச் சாம்பலைப்போல மூக்கின்மேல் கட்டிக்கொண்டு மைக் முன்னால் நின்றார். முதல் டேக்கில் விம்மல் வந்தது. இரண்டாவதில் பெருமூச்சு.

"நடிக்கறீங்கண்ணா. ஒண்ணும் சொல்ல வேண்டாம்."

"சொல்லலையே."

"மூச்சுலயே சொல்றீங்க."

கும்பலில் கற்றது அது. ஒரு நொடி கிடைத்தால் அதற்குள் ஆள் யார், என்ன ஆயிற்று எல்லாவற்றையும் தெரிவித்துவிட வேண்டும். அந்தப் பழக்கத்தை விட முடியவில்லை. டேக் மேல் டேக் போனது. அவள் அலுத்துக்கொள்ளவில்லை. ஒவ்வொரு முறையும் ஜன்னலிலிருந்து தொடங்கினாள்.

ஒருமுறை திரை பறந்தபோது, எங்கே மூச்சை இழுக்க வேண்டும் என்பதை அவர் கவனிக்கவில்லை. ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார். கட்டிடம் சரிந்தது. புகை வந்து மூடியது. அவன் நின்றான்.

"இது போதும்ணா. எடுத்துட்டேன். அடுத்த சீனுக்குப் போலாமா?"

"கொஞ்சம் ஓட விடும்மா" என்றார்.

அவள் விட்டாள். முன்பே பார்த்த காட்சிதான். புகை விலகியது. தீயணைப்பு வீரர்கள் இடிபாட்டின்மேல் ஏறிப் போனார்கள். வெறும் கையோடு இறங்கி வந்தார்கள்.