வலமாக அளந்த தூரம்

1. நான் கி. ராஜசேகர், வழக்கறிஞர், அடி அண்ணாமலையில், திருவண்ணாமலை மலையைச் சுற்றும் பதினான்கு கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் வசிப்பவன்.

2. கல்வி உரிமைச் சட்டப்படி, தனியார் பள்ளியில் அரசே கட்டணம் செலுத்தும் இடத்துக்கு என் மகளுக்காக விண்ணப்பித்தேன். ஒரு கிலோமீட்டருக்குள் வீடு இருக்க வேண்டும். பள்ளி அதே பாதையில், எங்கள் வீட்டுக்குச் சற்றுப் பின்னால்தான்.

இன்று பள்ளி எழுத்தர் விண்ணப்பத்தைத் திருப்பித் தள்ளினார்.

"பதிமூணு கிலோமீட்டர் வருது சார்."

"எங்க மாடியில நின்னா உங்க கேட்டு தெரியுதுங்களே?"

"மலைய எவனாவது இடமா சுத்துவானா? வலமாத்தான் அளக்கணும்."

வரிசையில் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை.

"அதையே எழுதி, முத்திரை போட்டுக் குடுங்க."

"தாராளமா!"

கொடுத்துவிட்டார். நாளை அந்தத் தாள் வேங்கிக்காலில் ஆட்சியர் மேசைக்குப் போகிறது. விசாரணையில் அவர் அதை வாய்விட்டுப் படிக்கும்வரை நான் விடப்போவதில்லை. முன்வரிசையில் அமர விரும்புவோர் கீழே பெயர் தரலாம்.

(ஒப்பம்) கி. ராஜசேகர்
சாட்சிகள், வரிசையில் நின்ற பெற்றோர்: மெகபூப் பாஷா, தனலட்சுமி