வெறும் பிரேம்

இருபது வருடம் லாரி ஓட்டினேன். இருபது வருடமும் கண்ணில் கண்ணாடி. நாமக்கல்லில் என் பெயரைச் சொன்னால் யாருக்கும் தெரியாது. சோடாபுட்டி டிரைவர் என்றால் பங்க்கில் டீசல் அடிக்கிறவர் வரைக்கும் தெரியும்.

மழையில் கண்ணாடியில் ஆவி படியும். வெயிலில் வியர்த்து மூக்கிலிருந்து வழுக்கும். ஒருநாள் குளித்தலைப் பக்கம் கழன்று பிரேக்குக்கு அடியில் விழுந்துவிட்டது. லோடு வண்டியைக் குத்துமதிப்பாக நிறுத்தினேன். அதை வீட்டில் சொன்னது தப்பு. மனைவி சேலத்துக்கு இழுத்துப்போய் லேசர் செய்யவைத்துவிட்டாள். படுத்து ஒரு வெளிச்சத்தைப் பார்த்தேன். எழுந்து சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். மணி தெரிந்தது.

ஒரு மாதம் லாரி ஓட்டக்கூடாது என்றார் டாக்டர். முதலாளி அந்த ஒரு மாதத்துக்கு வேறு டிரைவர் போட்டார். மாதம் முடிந்தது. ஓட்டலாம் என்று டாக்டர் எழுதிக்கொடுத்த சீட்டோடு ஷெட்டுக்குப் போனேன். சாவி கைக்கு வரவில்லை.

முதலாளி சீட்டை எட்ட நீட்டினார், கிட்டக் கொண்டுவந்தார், மடித்துக் கொடுத்துவிட்டார். பிறகு என் முகத்தைப் பார்த்தார்.

"கண்ணாடி எங்கடா?"

இனி வேண்டியதில்லை என்றேன்.

அவருக்குப் பார்வை பற்றிக் கவலை இல்லை. ராசி பற்றித்தான். கண்ணாடி போட்டவன் ஓட்டியவரை வண்டி எங்கும் இடித்ததில்லை. இப்போது அதே ஆள் வேறு முகத்தோடு ஏறினால் வண்டிக்கு ஒத்துவருமா என்று ஜோசியரைக் கேட்க வேண்டுமாம். ஒத்துவராது என்றால் புது ஆளே நிரந்தரமாம். எனக்கு வேறு தொழில் தெரியாது.

எதிர் டீக்கடையில் உட்கார்ந்தேன். அங்கே எல்லோரும் கண் டாக்டர். ஒருவர் மூன்று விரலைக் காட்டினார். ஒருவர் தூரத்து நம்பர் பிளேட்டைப் படிக்கச் சொன்னார். படித்தேன். சரியா என்று பார்க்க அவரே அதுவரை நடந்துபோனார். லேசர் செய்தால் மூளை சூடாகும் என்றார் இன்னொருவர். அவர் பேசப் பேச எனக்குச் சூடானது உண்மை.

மூன்றாம் நாள் முதலாளி கூப்பிட்டார். ஜோசியர் வழி சொல்லிவிட்டார். பழைய பிரேமை மாட்டிக்கொண்டு ஓட்ட வேண்டும். உள்ளே கண்ணாடிச் சில்லு தேவையில்லை, பிரேம் போதும்.

வீட்டில் பிரேமிலிருந்து இரண்டு சில்லையும் நெம்பி எடுத்தேன். மனைவி பார்த்துக்கொண்டிருந்தாள். "இதுக்குத்தானுங்களா சேலம் வரைக்கும் போனோம்?" என்றாள்.

கரூருக்கு முட்டை லோடு. ஒரு நடை ஓட்டிக்காட்டு, அப்புறம் சாவியைப் பற்றிப் பேசலாம் என்று முதலாளியும் ஏறினார். டயருக்கு எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கினேன். பிரேமை மாட்டினேன். ஓட்டை வழியாகக் காற்று வந்தது.

பைபாஸ் வேண்டாம், உள் ரோட்டில் போ என்றார். கொஞ்ச தூரம் போனதும், வேகத்தடை வருது, மிதி மிதி என்று கத்தினார். ரோட்டில் கிடந்தது புளியமரத்து நிழல். மிதித்திருந்தால் பின்னால் முட்டை நொறுங்கியிருக்கும். நான் மிதிக்கவில்லை. அடுத்து எருமை என்றார். அது பஞ்சர் கடை வாசலில் அடுக்கிய டயர். ஒவ்வொரு தடவையும் அவர் கால் மட்டும் வெறும் தகரத்தை மிதித்தது.

பரமத்தி வேலூரை நெருங்கும்போது கேட்டேன்.

"ஏனுங்க, எதுத்தாப்புல வர்ற பஸ்ஸுல எந்த ஊருன்னு போட்டிருக்குதுங்க?"

கண்ணைச் சுருக்கினார். "சேலம்."

எதிரே வந்த பால் டேங்கர் எங்களைக் கடந்து போனது.

அதற்குப் பிறகு அவர் கத்தவில்லை. காவிரிப் பாலத்தின் மேல் அவரே வாயைத் திறந்தார்.

"அந்த சேலத்து டாக்டரு வலிக்காமப் பண்ணுவாருங்களா?"

இத்தனை வருடத்தில் அவர் எனக்கு மரியாதை கொடுத்துக் கேட்டது அன்றுதான்.

"வலிக்காதுங்க. உங்களுக்குப் புரையா இருக்கும், அது வேற வைத்தியம். ஊட்டுல சொல்லிப்போட்டுப் போங்க."

கரூரில் லோடு இறக்கினோம். முட்டை உடைந்து ஒரு அட்டைகூட நனையவில்லை. சாவியை நீட்டினேன். உன் பையிலேயே இருக்கட்டும் என்றார்.

பிரேமைக் கழற்றலாமா என்று கேட்டேன். ராசி வண்டிக்குத்தானே என்று அதை வாங்கி, முன்கண்ணாடியில் எலுமிச்சை மிளகாய்க்குப் பக்கத்தில் கட்டிவிட்டார். முன்பு ஏழு சாமான் தொங்கியது. இப்போது எட்டு. இடப்பக்கம் ரோட்டைக் கொஞ்சம் மறைக்கிறது. குனிந்து பார்த்து ஓட்டுகிறேன்.